ஓரத்தில் மட்டும் பச்சை

— பெல்ட்டைப் போட்டுக்கோ. முன்னாடி போலீஸ் நிப்பாங்க.

— போட்டுக்கறேன். நீ ரோட்டைப் பாரு.

— இங்க பாரு, நீ இன்னிக்கு அந்தக் கூட்டத்துக்கு வருவேன்னு எனக்குத் தெரியாது. உனக்கு கிளாஸ் இருக்குன்னுதானே சொன்ன?

— கிளாஸை மாத்தி வெச்சுட்டாங்க. கட்டின புருஷனோட கம்பெனி மேடை ஏறுதே, கடைசி வரிசையில உக்காந்து கைதட்டிட்டு, அப்படியே உன்கூட அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்துடலாம்னு கெளம்பி வந்தேன். கையைத் தூக்கினேன். தட்ட வரல.

— அதாவது, வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாமே. அங்க அண்ணி சமைச்சு வெச்சுட்டு வாசலைப் பார்த்துட்டிருப்பாங்க.

— உன் அண்ணி முகத்தைப் பார்த்துட்டா அப்புறம் எனக்கு வாய் வராது. நம்ம வீட்டுக்குப் போனா உனக்குத் தலை வலிக்க ஆரம்பிச்சுடும். இங்கயே பேசிடலாம். ஓடற வண்டியில இருந்து ரெண்டு பேராலயும் எறங்கிப் போக முடியாது பாரு.

— சரி. பேசு.

— மேடையில பேசினாரே உன் ஆளு, தாடிக்காரரு, ரொம்ப அழகா விளக்கினாரு. மூளையில எல்லா செல்லும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்குமாம். அதுல எது ஸ்டெம் செல், எது நாளைக்குப் புது நரம்பு செல்லா மாறக்கூடியதுன்னு கண்ணால பார்த்தா தெரியாதாம். உங்க கம்பெனி ஆன்டிபாடி அந்த ஸ்டெம் செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்குமாம். அதோட வாலுல ஒரு சாயத்தைக் கட்டி விட்டிருக்காங்களாம். நீல வெளிச்சம் அடிச்சா அது ஒட்டின செல்லு மட்டும் பச்சையா மின்னுமாம். அப்படியே உயிரோட பொறுக்கி எடுத்துக்கலாமாம்.

— எல்லா லேப்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதுல என்ன இருக்கு?

— வாலுல சாயத்தைக் கட்டி விட்டிருக்கோம்னு எல்லா லேப்லயும் சொல்ல மாட்டாங்க. அது நான் சொன்னது. உன் அண்ணன் பக்கவாதம் வந்து விழுந்த புதுசுல, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துட்டு, நீ அப்படி என்னதாம்மா வேலை பாக்கறன்னு உன் அண்ணி கேட்டாங்க. அவங்க மனசு கொஞ்ச நேரம் வேற எங்கயாவது போகட்டுமேன்னு நான் இப்படிச் சொன்னேன். நீ பக்கத்துல நின்னுட்டிருந்த. கையில டீ கப்பு.

— ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நீ ஒரு மாளிகையே கட்டற.

— அப்படியா. அப்ப அந்த ஆன்டிபாடி உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு?

— நாங்க செஞ்சோம்.

— எப்போ? ஒண்ணு செய்யறதுக்கு எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியும். எத்தனை எலி, எத்தனை தட்டு, எத்தனை தடவை பூஞ்சை பிடிச்சு எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன்னு பக்கத்துல இருந்து பார்த்தவன் நீ. நாங்க வெச்சிருந்த மத்த ஆன்டிபாடி எல்லாம் செல்லைக் கொன்னு, ஓட்டை போட்டாத்தான் உள்ள போய் ஒட்டும். வெளித்தோல்லயே ஒட்டி செல்லை உயிரோட விடறது அந்த ஏழாம் நம்பர் மட்டும்தான். நீங்க போன வருஷக் கடைசியிலதான் அந்தப் பிரிவையே தொறந்தீங்க. என்ன, கடையில வாங்கினீங்களா?

— கத்தாத.

— நான் கத்தல. நான் கத்தினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்.

— சரி. எடுத்தேன்.

— என்ன எடுத்த?

— ஏழாம் நம்பர். ஒரு ட்யூப். அந்த ஆன்டிபாடியைச் சுரக்கிற செல்லு உறைய வெச்சிருப்பியே, நைட்ரஜன் டாங்க்ல. அதுல ஒண்ணே ஒண்ணு. உனக்கு அதுல நெறைய இருந்துச்சு.

— ஒரு ட்யூப் போதும்னு உனக்குத் தெரியும். வளர்த்தா காலம் பூராவும் சுரந்துட்டே இருக்கும். எப்போ எடுத்த?

— உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்போ.

— நான் எந்திரிக்க முடியாமப் படுத்திருந்தேன். லேப்ல ஆள் லீவு. டாங்க்ல நைட்ரஜன் இறங்கிடும், போய் ஊத்திட்டு வான்னு சாவியை என் கையால உன்கிட்ட கொடுத்தேன்.

— ஊத்திட்டுத்தான் வந்தேன்.

— ஆமா, ஊத்திட்டு வந்த. வந்து என் நெத்தியில ஈரத்துணி போட்ட. மாத்திரை கொடுத்த. இவனை விட்டா எனக்கு யாரு இருக்கான்னு அன்னிக்கு நெனச்சுட்டே தூங்கினேன். அந்த ட்யூபை எதுல வெச்சு எடுத்துட்டுப் போன?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லு.

— ஃப்ளாஸ்க்ல. கொஞ்சம் நைட்ரஜன் ஊத்தி.

— எந்த ஃப்ளாஸ்க்? நம்ம சிவப்பு ஃப்ளாஸ்க்கா? ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறோமே அதா?

— கழுவிட்டேன்ம்மா.

— கழுவிட்டியா. ரொம்ப சந்தோஷம்.

— இங்க பாரு, நான் உன்கிட்ட கேக்காம எடுக்கல. கேட்டேன். நீ தரல. முதல்ல சாதாரணமாக் கேட்டேன். அப்புறம் அண்ணனோட ஸ்கேனைக் காட்டிக் கேட்டேன். கடைசியா உன் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். நீ என்ன சொன்ன?

— பொறுக்கின ஸ்டெம் செல்லை எலி மூளையில ஊசியாப் போட்டுப் பார்த்ததுல சிலதுக்குக் கட்டி வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு தெரியாம மனுஷனுக்குப் போடறதுக்குத் தர மாட்டேன்னு சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு சொன்னேன்.

— ஒரு வருஷம். உனக்கு அது ஒரு பரிசோதனை. எனக்கு அவன் அண்ணன். அப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வெச்சவன். அவன் வாயில இருந்து எச்சில் வழியறதை நான் துடைச்சிருக்கேன். என் பேரைச் சொல்ல வாயைக் கோணிக்கிட்டு, வராம, கண்ணுல தண்ணி வர என்னைப் பார்ப்பான். ஒரு வருஷம் கழிச்சு செத்த செல்லு திரும்பி வருமா? நீயே சொல்லுவியே, சீக்கிரம் போட்டாத்தான் பலன்னு.

— அதனால அவருக்குப் போட்ட.

— யாரு சொன்னா?

— முதல் நோயாளின்னு ஒரு வீடியோ காட்டினாங்க. முகத்தை மறைச்சுட்டா எனக்குத் தெரியாதா? அந்த வலது கை மோதிர விரல், கதவுல நசுங்கி மடங்கின விரல். நம்ம கல்யாணத்துல என் கையைப் பிடிச்சு உன் கையில வெச்ச கை அது. அந்தக் கை டம்ளரைத் தூக்குது, ஹால்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டறாங்க. நான் மட்டும் உக்காந்திருக்கேன். பக்கத்துல இருந்தவங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க.

— தூக்கினான்ல? அவன் தூக்கினான்ல? அதைச் சொல்லு முதல்ல. நீ தர மாட்டேன்னு பூட்டி வெச்சதுதான் இன்னிக்கு அவனைப் பேச வெச்சிருக்கு. திருட்டுன்னா திருட்டு, நான் ஒத்துக்கறேன். ஆனா பலன் இருக்குல்ல?

— ஃபோன் அடிக்குது. எடு.

— அண்ணிதான். அப்புறம் பேசிக்கறேன்.

— எடு. வண்டி ஸ்பீக்கர்லயே போடு. நான் எதுவும் உளற மாட்டேன்.

— ஹலோ, தம்பி, எங்க வந்துட்டிருக்கீங்க?

— பாலம் தாண்டிட்டோம் அண்ணி. வந்துடுவோம்.

— என் தங்கச்சி கூட இருக்காளா?

— இருக்கேன்க்கா.

— கண்ணு, சேதி கேட்டியா? காலையில பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடின்னு முழுசாச் சொன்னாருடி. மூக்குக் கண்ணாடி. எனக்கு அடுப்புல என்ன வெச்சேன்னே மறந்து போச்சு. நான் இதை உன்கிட்ட பேசக்கூடாதுன்னு தம்பி சத்தியம் வாங்கி வெச்சிருக்கு, உன் ஆபீஸ்ல உனக்குச் சிக்கல் வரும்னு. ஆனா இன்னிக்கு என்னால அடக்க முடியல. உன் மருந்துதாண்டி இது. நீ சரின்னு சொன்னேன்னு தம்பி சொன்னதாலதான் நான் கையெழுத்தே போட்டேன். இல்லேன்னா தலையில துளை போட்டு ஊசி போடறதுக்கு எனக்கு ஏது தைரியம்? அவளே சொல்லிட்டான்னா அப்புறம் என்ன யோசனைன்னு போட்டுட்டேன்.

— ம்.

— என்ன, குரல் ஒரு மாதிரியா இருக்கு?

— ரோட்டுல சத்தம்க்கா.

— சரி சரி. இன்னொண்ணு கண்ணு. நம்ம தெருக்கோடியில பக்கவாதம் வந்து படுத்த வாத்தியார் இருக்காரே, இவரைப் பார்த்துட்டுத்தானே அவரும் போன மாசம் இதே ஊசியைப் போட்டுக்கிட்டாரு. அவருக்கு ரெண்டு நாளா ஒரே வாந்தியாம். தலை பிளக்குதாம், பார்வை மங்குதாம். ஆஸ்பத்திரியில பயப்பட ஒண்ணுமில்லன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்களாம். அவரு பொண்ணு உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்னு இங்க வந்து உக்காந்திருக்கு. பாவம், சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடல. சீக்கிரம் வாங்க.

— வந்துட்டே இருக்கோம் அண்ணி. வெச்சுடறேன்.

— என் பேரைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்க.

— அண்ணி வேற யாரு சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாங்க.

— அது எனக்குத் தெரியும். அதனாலதான் வலிக்குது. ட்யூபை எடுத்தது கூடப் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு இப்ப. வண்டியை ஓரமா நிறுத்து.

— இன்னும் ரெண்டு தெருதான் இருக்கு.

— நிறுத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதை ஓட்டிக்கிட்டே கேக்காத.

— நிறுத்திட்டேன். சொல்லு.

— நீ எடுத்த ட்யூப் மேல என்ன எழுதியிருந்துச்சு?

— ஏழுன்னு. உன் கையெழுத்து. நீலப் பேனா.

— வெறும் ஏழா? ஏழுக்குப் பக்கத்துல வேற எழுத்து எதுவும் இல்லையா?

— இல்ல. வெறும் ஏழு.

— நான் பயந்தது சரியாப் போச்சு. கேளு. அந்தப் பழைய ஏழு கெட்டுப் போச்சு. வளர்க்க வளர்க்க சில செல்லுங்க சுரக்கறதையே மறந்துடும், இல்லேன்னா வேற எதையோ சுரக்கும். உனக்குத் தெரியும் அது. நீ எடுக்கறதுக்கு முந்தியே அது அப்படி ஆயிடுச்சு. அதுல நல்லதா மிச்சமிருந்த ஒரே ஒரு செல்லைத் தனியாப் பிரிச்சு, புதுசா வளர்த்து, அதுக்கு வேற பேரு வெச்சேன். பழசை ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக டாங்க்லயே விட்டு வெச்சேன். உன்கிட்ட சொல்லல. நீ மூணாவது தடவை கேட்டதுக்கப்புறம் நம்ம வீட்டுல லேப் பேச்சையே எடுக்கறதில்லையே.

— அப்போ?

— அப்போ உங்க ஆன்டிபாடி எந்த செல்லையும் அடையாளம் கண்டுக்காது. ஹால்ல உங்க படத்தைப் பார்த்ததுமே எனக்கு சந்தேகம். என்னோட ஏழு வெளித்தோல்ல ஒட்டறது. அதனால செல்லோட ஓரத்துல மட்டும், நூலு மாதிரி, பச்சை வளையம் தெரியும். நடுவுல இருட்டா இருக்கும். உங்க படத்துல செல்லு முழுக்கப் பச்சை. சாந்து அப்பின மாதிரி. அது செத்த செல்லு. செத்துட்டா தோல் கிழிஞ்சுடும், எந்த ஆன்டிபாடியா இருந்தாலும் உள்ள போய் அடைஞ்சுக்கும். நீங்க ஸ்டெம் செல்லைப் பொறுக்கல. செத்ததையும், அதோட ஒட்டிக்கிட்டு வந்த என்னென்னமோ செல்லையும் பொறுக்கி, அதுல எது பொழைச்சுப் பெருகுச்சோ அதை மருந்துன்னு ஊசியில ஏத்தியிருக்கீங்க.

— ம்.

— பதறாத. உன் மேல எனக்கு இருக்கற கோபம் வேற. அது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல, அதை அப்புறம் வெச்சுக்கலாம். நீ அண்ணனுக்காகத்தான் பண்ணின, தெரியாமத்தான் பண்ணிட்ட. இப்ப முதல்ல அவரை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவோம். வாத்தியாரையும் இன்னிக்கே கூட்டிட்டுப் போவோம், அந்த வாந்தி எனக்குப் பிடிக்கல. எலிங்களுக்கும் கட்டி வந்தப்ப முதல்ல சாப்பாடுதான் நின்னுச்சு. கம்பெனிக்கு நானே பேசறேன். ஊசியை உடனே நிறுத்தச் சொல்லணும்.

— அண்ணனுக்கு ஸ்கேன் வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? தலைக்குள்ள என்ன வளருதுன்னு தெரிய வேண்டாமா?

— அவனுக்கு ஒண்ணும் வளராது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— ஏழு வேலை செய்யலன்னு எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஊசி போடறதுக்கு முந்தின வாரம் எனக்கே மனசுல என்னமோ உறுத்துச்சு. யாரும் இல்லாதப்ப அந்த ஆன்டிபாடியை எடுத்து, சாதாரணத் தோல் செல்லு மேல ஊத்திப் பார்த்தேன். மூளை செல்லுல எவ்வளவு பச்சை தெரிஞ்சுதோ அதே அளவு பச்சை அதுலயும் தெரிஞ்சுது. அதுல ஏது நரம்பு ஸ்டெம் செல்?

— தெரிஞ்சுக்கிட்டே போட்டியா? கூடப் பொறந்தவன் தலையில?

— போடல. அவனுக்குப் போடல. ஆஸ்பத்திரிக்கு மருந்தை எடுத்துட்டுப் போய்க் கொடுக்கறது என் பொறுப்பு. அவன்தான் முதல் ஆளு, நெஜ மருந்து எப்படி இருக்கும்னு அந்த டாக்டர் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. வழியில மாத்திட்டேன். அண்ணனுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி.

— தண்ணியா? அப்ப அவர் பேசறது? டம்ளரைத் தூக்கினது?

— தானா வந்துச்சு. அண்ணி ராப்பகலா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லிச் சொல்லி வந்துச்சு. சிலருக்கு அப்படி வரும். டாக்டர் முதல்லயே சொன்னாரு, வந்தாலும் வரலாம்னு.

— இவ்வளவு நேரம் பலன் இருக்குல்ல, பலன் இருக்குல்லன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னியே. அதுவும் பொய்யா?

— வேற என்ன சொல்லுவேன்? அவன் பேரை முதல்லயே கொடுத்தாச்சு. பின்வாங்கினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா ட்யூப் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. உன் பேரு வரும், என் வேலை போகும், ஜெயிலு கூட. அவன் தேறினதும் எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. வீடியோ எடுத்தாங்க. என்னால நிறுத்த முடியல.

— அந்தப் பொண்ணு அங்க சாப்பிடாம உக்காந்திருக்கு. அவ அப்பாவுக்கு? அவருக்கும் தண்ணிதானே போட்ட? என்னைப் பாரு. அவருக்கும் தண்ணிதான்னு சொல்லு.

— ஒரு ஊசியைத்தான் மாத்த முடிஞ்சுது. அது அண்ணனோடதா இருக்கட்டும்னு நெனச்சேன்.